வலம்புரியும் இடம்புரியும்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

எங்கள் பள்ளி நூலகத்தின் வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும் என்பது நெடுநாளைய விதி. நாற்பத்தைந்து பேர் ஒரே நேரத்தில் கழற்றினால் தொண்ணூறு காலணிகள். எல்லாம் கறுப்பு, பெரும்பாலும் ஒரே அளவு. மணி அடித்ததும் அவசரத்தில் இரண்டு இடக்கால் காலணிகளை மாட்டிக்கொண்டு ஓடி, பத்தடி போனதும் நொண்டிக்கொண்டே திரும்பி வராதவர்கள் எங்கள் வகுப்பில் அநேகமாக எவரும் இல்லை.

இடக்கால் காலணிக்கும் வலக்கால் காலணிக்கும் என்னதான் வேறுபாடு? தோல் ஒன்று, தையல் ஒன்று, எடை ஒன்று, விலையும் ஒன்று. தராசில் வைத்தால் வேறுபாடு தெரியாது. தண்ணீரில் போட்டாலும் தெரியாது. கால் உள்ளே நுழைந்தால்தான் தெரியும். ஏனெனில் காலுக்கும் இடம் வலம் உண்டு. இடம் வலம் உள்ள ஒன்றைப் பிரித்தறிய, இடம் வலம் உள்ள இன்னொன்றுதான் வேண்டும். அன்புத் தோழியரே, இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்; இனி வரும் கதை முழுவதும் எளிதாகப் புரிந்துவிடும்.

மூலக்கூறுகளிலும் இத்தகைய இணைகள் உண்டு. ஒரு கரி அணு நான்கு கைகளை நீட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கு கைகளிலும் நான்கு வெவ்வேறு பொருள்கள் இருந்தால், அவற்றை இரண்டு விதமாகத்தான் அடுக்க முடியும். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். இதை 1874-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு வாண்ட் ஹாஃப், பிரான்சு நாட்டு லெ பெல் என்னும் இரு இளைஞர்கள் தனித்தனியே எடுத்துக் கூறினார்கள். நாங்கள் களிமண் உருண்டையில் நான்கு ஈர்க்குச்சிகளைக் குத்தி, நுனிகளில் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீல மணிகளைப் பொருத்திப் பார்த்தோம். ஒருத்தி செய்ததும் அடுத்தவள் செய்ததும் ஒன்றுபோல இருந்தன. ஆனால் எப்படித் திருப்பினாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தவில்லை. சிவப்பும் பச்சையும் பொருந்தினால் மஞ்சளும் நீலமும் இடம் மாறி நின்றன. இரண்டு மணிகளைக் கழற்றி மாற்றிய பிறகே பொருந்தின. நம்பாதவர்கள் செய்து பார்க்கலாம்; செலவு ஒன்றும் இல்லை.

சங்கிலே வலம்புரி, இடம்புரி என்று சொல்கிறோம் அல்லவா? அதே சொற்களை இந்த மூலக்கூறுகளுக்கும் வைத்துக்கொள்வோம். வேதியியல் நூல்கள் ஒளியைச் சுழற்றும் திசையை வைத்து வலஞ்சுழி, இடஞ்சுழி என்று கூறும். ஒளி எங்கே வந்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

இதைப் பற்றி எழுதவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு மாத்திரை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டிக்குச் சென்ற ஆண்டு காசநோய் என்று தெரியவந்தது. முதல் இரண்டு மாதம் அவள் எங்களிடம்கூடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டால் தனி டம்ளரில் கொடுத்தார்களாம். தினமும் விழுங்க வேண்டிய மாத்திரையில் நான்கு மருந்துகள் சேர்ந்திருந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் எதாம்பூட்டால். "சிவப்பும் பச்சையும் மங்கலாகத் தெரிந்தால் உடனே வந்து சொல்லுங்கள்" என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். எனவே பாட்டி நாள்தோறும் காலையில் எழுந்ததும் தேதி கிழிக்கும் நாள்காட்டியின் முன் நின்று, ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பு எழுத்து சிவப்பாகவே இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். நோயைக் குணப்படுத்தும் மருந்து கண்ணை ஏன் தொடவேண்டும் என்று தோழி சிஸ்டரிடம் கேட்டாள். அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் எங்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தது. தோழியின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறோம்.

எதாம்பூட்டால் மூலக்கூறு ஒரே மாதிரியான இரண்டு துண்டுகளை ஒரு சிறு பாலத்தால் இணைத்தது. ஒவ்வொரு துண்டுக்கும் இடம் வலம் உண்டு. ஆகவே மூன்று வடிவங்கள் உண்டாகலாம்: இரண்டும் ஒரு கை, இரண்டும் மறு கை, அல்லது கைக்கு ஒன்று. இவற்றுள் வலஞ்சுழி வடிவம் ஒன்றுதான் காசநோய்க் கிருமியை வலுவாகத் தாக்கும். அதற்கு எதிரான இடஞ்சுழி வடிவம் நூற்றுக்கணக்கான மடங்கு வலிமை குறைந்தது. ஆனால் நஞ்சு என்று பார்த்தால் எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. இடம் வலம் பாராமல் துண்டுகளைக் கலந்து இணைத்தால், கிடைப்பதில் கால் பங்குதான் நமக்கு வேண்டிய வடிவம். மீதி முக்கால் பங்கும் பெரிய உதவியின்றிக் கண்ணுக்குச் சுமையாகிவிடும். வேண்டிய ஒன்றை மட்டும் தனியே எடுத்துக் கொடுத்தால் மருந்தின் அளவு குறையும். கண்ணும் பெரும்பாலும் தப்பும். பாட்டியின் மாத்திரையில் இருந்தது அப்படித் தனியே எடுத்த வடிவம்தான். அப்படியும் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது என்றால், பிரிக்காமல் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் உடலே ஒரு கைப்பழக்கம் உடையது. புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் அநேகமாக எல்லாம் ஒரே கை. நாம் உண்ணும் சர்க்கரையும் ஒரே கை. கிருமியின் உடலும் அப்படித்தான். ஆகவே அங்கே போய்ச் சேரும் மருந்து எந்தக் காலுக்கான காலணி என்பது மிகவும் முக்கியம்.

இந்த இடத்தில் தாலிடோமைடு என்ற மருந்தைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த அந்த மருந்தைக் கருவுற்ற தாய்மார்கள் உண்டதால், பல நாடுகளில் பல்லாயிரம் குழந்தைகள் கை கால் குறைவுடன் பிறந்தன. 1961-இல் அது திரும்பப் பெறப்பட்டது. வலம்புரி நல்லது, இடம்புரி தீயது, பிரித்துக் கொடுத்திருந்தால் துன்பமே இல்லை என்று சில புத்தகங்கள் எழுதிவிடுகின்றன. அது சரியன்று. அந்த மூலக்கூறு உடலுக்குள் போனதும் ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தானே மாறிக்கொள்ளும். ஒன்றை மட்டும் கொடுத்தாலும் இரண்டும் உண்டாகிவிடும். ஆகையால் அந்த உதாரணத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, பிரிப்பது எப்படி? தொழிற்சாலையில் கை இல்லாத சாதாரணப் பொருள்களிலிருந்து தொடங்கினால் வலம்புரியும் இடம்புரியும் சரிபாதியாகவே பிறக்கும். இதற்குச் சுழிமாய்க் கலவை என்று பெயர். ஒன்று வலப்புறம் திருப்பினால் மற்றொன்று அதே அளவு இடப்புறம் திருப்பி, சுழற்சியே மாய்ந்துவிடுவதால் அந்தப் பெயர். எட்டாம் வகுப்பில் நாம் படித்த பிரிக்கும் முறைகள் எல்லாம் இங்கே தோற்றுப்போகும். வாலை வடிக்கலாம் என்றால் இரண்டுக்கும் கொதிநிலை ஒன்று. நீரில் கரைத்து வடிகட்டலாம் என்றால் இரண்டும் ஒரே அளவு கரையும். வெப்பத்திற்கும் நீருக்கும் வடிதாளுக்கும் இடம் வலம் கிடையாதே!

இந்த முடிச்சை முதன்முதலில் அவிழ்த்தவர் லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடிக்கு ஊசி மருந்து கண்டவர் என்று நாமெல்லாம் அறிவோம். அதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பு, 1848-இல், அவருக்கு வயது இருபத்தைந்து. தோல் பதனிடுபவரின் மகன். பாரிஸ் நகரத்தில் எக்கோல் நார்மால் என்னும் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தார். அப்போது அவர் கையில் எடுத்தது புளிப்பைப் பற்றிய ஒரு புதிர்.

திராட்சை ரசம் வைக்கும் பீப்பாயின் உட்புறத்தில் ஒரு படிவு ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து கிடைப்பது டார்ட்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியின் புளிப்புக்கும் முக்கியக் காரணம் இதே அமிலம்தான். பிரான்சில் தான் என்ற ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலையில் இந்த அமிலத்தோடு கூடவே இன்னோர் அமிலமும் எப்படியோ கிடைத்தது. இரண்டின் அணுக்களும் ஒன்றே, எண்ணிக்கையும் ஒன்றே. ஆனால் ஒரு வேறுபாடு: டார்ட்டாரிக் அமிலக் கரைசல் ஒளியைத் திருப்பியது, புதியது திருப்பவில்லை.

ஒளியைத் திருப்புவது என்றால் என்ன என்று எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. சிஸ்டர் இரண்டு போலராய்டு துண்டுகளைக் கொண்டுவந்து ஒன்றின் பின் ஒன்றாகப் பிடித்து, ஒன்றை மெல்லத் திருகச் சொன்னார்கள். ஒரு நிலையில் ஒளி முற்றிலும் மறைந்து இருண்டுவிட்டது. முதல் துண்டு ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும். இரண்டாவது துண்டு குறுக்காக நின்றால் அதையும் தடுத்துவிடும். பிறகு இரண்டுக்கும் நடுவே கெட்டியான சர்க்கரைப் பாகு நிறைந்த கண்ணாடி டம்ளரை வைத்தார்கள். இருள் விலகி மீண்டும் ஒளி வந்தது! பாகில் உள்ள ஒரே கைச் சர்க்கரை மூலக்கூறுகள் ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பிவிட்டிருந்தன. கரைசல்களுக்கு இந்தக் குணம் உண்டு என்பதை 1815-இல் கண்டவர் ழான் பாப்டிஸ்ட் பியோ.

1844-இல் மிட்ஷர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். இரு அமிலங்களிலிருந்தும் செய்த சோடியம் அம்மோனியம் உப்புகளின் படிகங்கள் எல்லா வகையிலும் ஒன்றே. ஆயினும் ஒன்று ஒளியைத் திருப்புகிறது, மற்றது திருப்புவதில்லை என்பது அதன் சாரம். பெரியவர் சொல்லிவிட்டார் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். பாஸ்டருக்கு மனம் ஒப்பவில்லை. அவர் மறுபடியும் அந்தப் படிகங்களைச் செய்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார்.

டார்ட்டாரிக் அமில உப்பின் படிகம் ஒவ்வொன்றிலும் ஓர் ஓரத்தில் மட்டும் மூலை சீவியது போன்ற சிறு முகம் இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே பக்கம். ஒளியைத் திருப்பாத உப்பில் அந்தச் சிறு முகமே இராது என்று அவர் எதிர்பார்த்தார். ஆனால் இருந்தது! ஒரு கணம் மனம் தளர்ந்துதான் போனாராம். பிறகு உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சில படிகங்களில் அந்த முகம் வலப்பக்கமும் சிலவற்றில் இடப்பக்கமும் இருக்கின்றன என்பது. கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக வைத்தார். நூலக வாசலில் காலணி பொறுக்குவது போலத்தான். வலப்பக்கக் குவியலைக் கரைத்தபோது ஒளி வலப்பக்கம் திரும்பியது. இடப்பக்கக் குவியலைக் கரைத்தபோது இடப்பக்கம் திரும்பியது. இரண்டையும் சம எடையில் கலந்தால் திருப்பமே இல்லை. அந்தப் புதிய அமிலம் புதியதே அன்று. வலம்புரியும் இடம்புரியும் சரிபாதியாகக் கலந்தது, அவ்வளவே.

செய்தி பியோவின் காதுக்கு எட்டியது. அவருக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. ஒளி திரும்புவதைப் பற்றி அவரை மிஞ்சி அறிந்தவர் இல்லை. எளிதில் நம்புகிறவரும் அல்லர். இளைஞரை அழைத்து, தாமே சோதித்து வைத்திருந்த அமிலத்தைக் கொடுத்து, தம் கண்ணெதிரிலேயே உப்பைச் செய்யச் சொன்னார். கரைசலைத் தம் அறையிலேயே வைத்துக்கொண்டார். சில நாள்களில் படிகங்கள் இறங்கியதும் பாஸ்டரை வரவழைத்துப் பொறுக்கச் சொன்னார். கரைசல்களைத் தாமே தயாரித்து, முதலில் எடுத்தது இடப்பக்கம் திருப்பும் என்று சொல்லப்பட்ட குவியலை. அப்படி ஓர் அமிலத்தை அதுவரை உலகில் யாரும் கண்டதில்லை அல்லவா? கருவியில் பார்த்த மாத்திரத்திலேயே உண்மை தெரிந்துவிட்டது. முதியவர் நெகிழ்ந்துபோய் இளைஞரின் கையைப் பற்றிக்கொண்டு, வாழ்நாளெல்லாம் அறிவியலை நேசித்த தம் நெஞ்சு இதைக் கண்டு படபடக்கிறது என்று சொன்னாராம். பாஸ்டரைவிட பியோவைத்தான் எங்களுக்கு அதிகம் பிடித்திருக்கிறது. எழுபத்து நான்கு வயதில் ஓர் இளைஞரிடம் தோற்று மகிழ எத்தனை பேரால் முடியும்?

படிகம் எப்படி இதைச் செய்கிறது என்று சற்றுப் பார்ப்போம். கரைசலில் மூலக்கூறுகள் சந்தைக்கூட்டம் போல் இடம் வலம் பாராமல் அலைகின்றன. நீர் ஆவியாகி இடம் நெருங்கும்போது அவை வரிசை கட்ட வேண்டியிருக்கிறது. வலம்புரிகள் மட்டும் அடுக்கிய வரிசையில் அடுத்த வலம்புரி கச்சிதமாகப் பொருந்தும். இடம்புரி வந்தால் முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே வளரும் படிகமே ஒரு காலாக நின்று தனக்குரிய காலணியைத் தேர்ந்துகொள்கிறது. கை இல்லாத நீரால் முடியாதது, கை உள்ள படிகத்தால் முடிகிறது.

ஆனால் எல்லாப் பொருள்களும் இப்படி நடந்துகொள்வதில்லை. பெரும்பாலானவற்றில் ஒரு வலம்புரியும் ஓர் இடம்புரியும் கைகோத்து இணையிணையாக அடுக்கினால்தான் நெருக்கம் அதிகம். அப்படிப்பட்ட படிகத்தில் இரண்டும் சமமாகவே இருக்கும். பொறுக்குவதற்கு ஒன்றும் இராது. தனித்தனிப் படிகமாகப் பிரிபவை நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரைதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பாஸ்டரின் உப்பிலேயே ஒரு வேடிக்கை உண்டு. ஏறக்குறைய 27 பாகை செல்சியசுக்குக் கீழே படிகமானால்தான் அது இரண்டாகப் பிரியும். அதற்கு மேலே வெப்பம் இருந்தால் இணைந்த படிகமே உண்டாகும். பாரிஸ் நகரத்தின் குளிர் பாஸ்டருக்கு உதவியது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் மார்கழிப் பகலிலும் வெப்பமானி 27-ஐத் தாண்டி நிற்கிறது. சித்திரையைச் சொல்லவே வேண்டாம். பாஸ்டர் எங்கள் ஊரில் பிறந்து எங்கள் பள்ளி மேசையில் அந்தக் கரைசலை வைத்திருந்தால், எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் கண்டிருக்க மாட்டார்!

நாங்களும் முயன்று பார்க்காமல் இல்லை. சுழிமாய் அமிலம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பள்ளியில் இருந்தது ரோஷெல் உப்பு. இயற்கை டார்ட்டாரிக் அமிலத்திலிருந்து செய்தது, ஆகவே எல்லாம் ஒரே கை. அதை வெந்நீரில் கரைத்து, மெல்லிய துணியால் மூடி, பீரோவின் மேல் ஒன்பது நாள் வைத்தோம். அழகான படிகங்கள் கிடைத்தன. மிகப்பெரியது சுண்டுவிரல் நகத்தளவு. பாஸ்டர் கண்ட சிறு முகத்தை உருப்பெருக்கியால் தேடினோம். ஒருத்தி இருக்கிறது என்றாள். இன்னொருத்தி அது உடைந்த மூலை என்றாள். வழக்கு இன்னும் தீரவில்லை. ஒரு குவியல் படிகத்தைப் பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டோம்.

கையால் பொறுக்கி ஒரு நாட்டுக்கு மருந்து கொடுக்க முடியாது. அதற்கும் வழி உண்டு. பாஸ்டரின் மாணவர் ஜெர்னே என்பவர் 1866-இல் ஒன்றைக் கவனித்தார். கொள்ளும் அளவுக்கு மேலும் உப்பைக் கரைத்து வைத்திருக்கும் மீதெவிட்டிய கரைசல் ஒன்றில், வலம்புரிப் படிகத்தின் சிறு துகளைப் போட்டால் வலம்புரி மட்டுமே இறங்கியது. இடம்புரித் துகளைப் போட்டால் இடம்புரி. பாலுக்கு உறை ஊற்றுவதைப் போன்றதே இது. பனங்கற்கண்டு செய்பவர்கள் பாகு நிறைந்த பானைக்குள் நூலைத் தொங்கவிடுவதும் படிகம் பற்றிக்கொள்ள ஓர் இடம் கொடுக்கத்தான். ஆனால் நூலுக்குக் கை இல்லை. ஜெர்னேயின் துகளுக்குக் கை இருந்தது. சரியான நேரத்தில் வடித்து எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எஞ்சிய மறு கையும் இறங்கத் தொடங்கிவிடும். இந்த முறை பின்னாளில் பெரிய தொழிற்சாலைகளுக்கே போயிற்று. சமையலில் சுவை கூட்டும் குளூட்டாமேட்டு உப்புக்கான அமிலத்தை ஜப்பானில் 1960-களில் இப்படிப் பிரித்திருக்கிறார்கள்.

விதையின் வலிமையை 1990-இல் அமெரிக்காவில் கொண்டபுடி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இன்னும் அழகாகக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது சோடியம் குளோரேட்டு. அது நீரில் கரைந்திருக்கும்போது அதற்குக் கை கிடையாது; படிகமானால் மட்டும் வலம்புரியாகவோ இடம்புரியாகவோ அமையும். கரைசலை அசைக்காமல் வைத்தால் இரண்டும் ஏறத்தாழ சமமாக வந்தன. கலக்கிக்கொண்டே இருந்தால் ஒரு பாத்திரத்தில் அநேகமாக எல்லாமே ஒரே கை! முதலில் பிறந்த படிகம் சிதறி நூற்றுக்கணக்கான விதைகளாகி, பிறகு வந்தவை எல்லாம் அதன் பிள்ளைகளாகிவிட்டன. எந்தக் கை என்பது மட்டும் பூவா தலையா போடுவதைப் போல, பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறியது.

ஆனால் எதாம்பூட்டாலின் துண்டு இந்த வழிக்கெல்லாம் வரவில்லை. அதற்கு உதவியது 1853-இல் பாஸ்டரே கண்டுபிடித்த இரண்டாவது வழி. எங்களைக் கேட்டால் இதுதான் முதலாவதைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்போம். முதலாவதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

தோழியர் இருவர் கைகுலுக்கிப் பாருங்கள். வலக்கையோடு வலக்கை பொருந்துகிறது. வலக்கையோடு இடக்கையைக் கொடுத்தால் பிடி வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இந்த இரண்டு பிடிகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் அல்ல. அதுபோலவே வலம்புரி, இடம்புரி இரண்டும் கலந்த அமிலத்தோடு ஒரே கையுள்ள காரப்பொருள் ஒன்றைச் சேர்த்தால் இரண்டு வகை உப்புகள் உண்டாகும். அவை இனி இரட்டையர் அல்லர், வெறும் ஒன்றுவிட்ட சகோதரிகள். ஒன்று நீரில் அதிகம் கரையும், மற்றது குறைவாகக் கரையும். குறைவாகக் கரைவது முதலில் படிகமாகி அடியில் இறங்கும், வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்பு வடிதாள் மறுபடியும் பயன்பட ஆரம்பித்துவிடும்! பிறகு துணைக்கு வந்த காரத்தைக் கழற்றிவிட்டால் வேண்டிய கை தனியே கிடைக்கும். பாஸ்டர் பயன்படுத்திய காரங்கள் சிங்கோனா மரப்பட்டையின் சத்துகளிலிருந்து பெற்றவை. மலேரியாக் காய்ச்சலுக்குக் குயினைன் தருவதும் அந்தப் பட்டைதான். அதற்காகவே நம் நீலகிரியிலும் அந்த மரத்தைப் பயிரிட்டார்கள்.

காசநோய் மருந்துக்கு இதே வழி தலைகீழாகப் பயன்படுகிறது. அங்கே பிரிக்கவேண்டிய துண்டு அமினோபூட்டனால் என்னும் காரப்பொருள். எனவே துணைக்கு ஒரே கையுள்ள அமிலம் வேண்டும். மலிவாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட அமிலம் எது? டார்ட்டாரிக் அமிலமேதான்! தொழிற்சாலைக்கு அது பெரும்பாலும் திராட்சை ரசப் படிவிலிருந்து போகிறது. ஆனால் நம் புளியில் இருப்பதும் அதே அமிலம், அதே கை. அமினோபூட்டனாலின் வலம்புரி இடம்புரிக் கலவையோடு அதைச் சேர்த்தால் ஒரு கையின் உப்பு படிகமாகிறது, மறு கை கரைசலில் தங்கிவிடுகிறது. இப்படிப் பிரித்தெடுத்த துண்டுகளை இரண்டிரண்டாக இணைத்தால், கிடைப்பது முழுவதும் வேண்டிய எதாம்பூட்டால். இணைத்த பிறகு மூன்று வடிவங்களோடு போராடுவதைவிட, இணைக்கும் முன்பே தெரிந்தெடுப்பது எவ்வளவு புத்திசாலித்தனம்! நறுக்கும் முன்பே சொத்தைக் கத்தரிக்காயைத் தள்ளிவைப்பது போல என்றார்கள் சிஸ்டர்.

இந்த முறையில் ஒரு வருத்தம் உண்டு. கலவையில் பாதி நமக்கு வேண்டாத கை. அதை எறியவேண்டும், இல்லையென்றால் பாடுபட்டு மறுபடியும் கலவையாக்க வேண்டும். அண்மைக் காலத்தில் இதற்கும் ஒரு விடை வந்திருக்கிறது. 2005-இல் ஸ்பெயின் நாட்டில் விய்த்மா என்பவர் சோடியம் குளோரேட்டின் வலம்புரி, இடம்புரிப் படிகங்களைச் சமமாகக் கலந்து, தெவிட்டிய கரைசலிலேயே கண்ணாடி மணிகளோடு போட்டு விடாமல் கலக்கி அரைத்தார். ஆட்டுக்கல்லில் மாவு அரைப்பது போலத்தான். நேரம் செல்லச் செல்ல ஒரு கை தேய்ந்து, மறு கை வளர்ந்து, இறுதியில் எல்லாப் படிகங்களும் ஒரே கையாகிவிட்டன! பாதி வீணாகவே இல்லை. சிறு துகள்கள் கரைந்து பெரியவற்றின் மேல் படிவதும், பெரும்பான்மையாக இருக்கும் கை மேன்மேலும் பெருகுவதும் காரணம் என்கிறார்கள். முழு விளக்கத்தில் இன்னும் விவாதம் நடக்கிறது. உண்மையிலேயே கையுள்ள மூலக்கூறுகளிலும் இது நடக்கும் என்று 2008-இல் காட்டினார்கள். அதற்கு, கரைசலில் மூலக்கூறு கை மாறிக்கொண்டே இருக்கும்படி ஒரு பொருளைச் சேர்க்கவேண்டும். அடுத்த ஆண்டில் நாப்ராக்சென் என்ற வலி நிவாரண மருந்தையே ஒரே கையாக இப்படிப் பெற்றார்கள். ஆனால் தனித்தனிப் படிகமாகப் பிரியும் பொருளாகவும், கை மாறச் சம்மதிக்கும் பொருளாகவும் இருந்தால்தான் இது நடக்கும். அமினோபூட்டனாலுக்குப் புளியின் அமிலத்தை விட்டால் ஆட்டுக்கல் உதவாது.

அமெரிக்க அரசின் மருந்துத் துறை 1992-இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இரு கையும் உள்ள புதிய மருந்தைக் கொண்டுவருகிறவர்கள் ஒவ்வொரு கையும் உடலில் என்ன செய்கிறது என்று காட்டவேண்டும் என்பது அதன் கருத்து. பாஸ்டர் படிகம் பொறுக்கி நூற்று நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து! தாமதம் என்றே எங்களுக்குப் படுகிறது.

தோழியின் பாட்டிக்கு ஆறு மாத மருந்து முடிந்துவிட்டது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. நாள்காட்டியின் ஞாயிற்றுக்கிழமை கடைசிவரை சிவப்பாகவே இருந்தது. கட்டுரை எழுதி முடித்த அன்று நாங்கள் நால்வரும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். பாட்டி அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் மாத்திரைக்குள் இந்தப் புளிப்புக்கும் பங்கு இருக்கிறது என்று நாங்கள் பெருமையாகச் சொன்னோம்.

"அப்படியா? அது தெரியாம ஆறு மாசம் மாத்திரையா முழுங்கினேனே! தெனமும் ரெண்டு டம்ளர் ரசம் குடிச்சிருந்தாலே சரியாப் போயிருக்குமே?" என்றார்கள் பாட்டி.

நாங்கள் பதறிப்போனோம். புளி மருந்து அல்ல, அது காலணியைப் பிரித்துக் கொடுத்த கால் மட்டுமே, பிரித்துவிட்டுத் தான் விலகிக்கொள்ளும், மாத்திரைக்குள் அது இருப்பதே இல்லை என்று நால்வரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். வலக்கையும் இடக்கையும் நீட்டிக் காட்டினோம். பாட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்கள். அதற்குள் ரசம் தளதளவென்று கொதித்தே விட்டது. நுரை கட்டியதும் இறக்கியிருக்க வேண்டாமா, நாலு பேர் பக்கத்தில் நின்று என்ன பயன் என்று எங்களுக்குத்தான் திட்டு விழுந்தது.